ஊருக்கெல்லாம் தெரிந்த ஆபரேஷன்

டிசம்பர் 19

காலையிலிருந்து மழை. பனி, பனி என்று பயமுறுத்தினார்கள். இங்கிலாந்தில் இதுவரை கண்டது இந்த நசநசப்புதான். நாலு மணிக்கே இருட்டு.

பரீட்சை முடிந்தது. அப்பாடா.

வாங்க வேண்டியவை: கையுறை (இடது கை தொலைந்தது), அரிசி, தேங்காய்ப்பால் டின்.

அம்மாவுக்கு போன். அப்பா எங்கே? "ஒறங்குதாவ மக்களே." போன வாரமும் உறக்கம்தான். வீடியோ போடு என்றால், "கேமரா கேடாக்கும்." அப்படியென்றால் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டி அனுப்பின போட்டோவை எதில் எடுத்தாளாம்?

டிசம்பர் 22

முதியோர் இல்லத்தில் ஷிப்ட். நர்சிங் மேற்படிப்புக்கு வந்தவளுக்குக் கிடைத்த பகுதிநேர வேலை. ஒரு தாத்தாவுக்குக் காலில் ஆறாத புண். கட்டு மாற்றி முடிக்கும்வரை முனகல். முடிந்ததும் சாக்லேட் தந்தார்.

ஷைனி, என் அறைத்தோழி, கேரளத்துக் காட்டாக்கடைக்காரி, இரண்டு வாரமாகக் கேட்காமலே சாயா போட்டுத் தருகிறாள். தன் கப்பையே கழுவாதவள். என்ன வந்தது இவளுக்கு?

டிசம்பர் 25

கிறிஸ்துமஸுக்கு இந்த ஊரில் பஸ்ஸே ஓடாதாம். நடந்தே ஷிப்டுக்குப் போய் நடந்தே வந்தேன். கால் விறைத்துவிட்டது.

ஊரில் விடியற்காலையில் நடந்த ஆராதனையை எங்கள் சபை நெட்டில் போட்டிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். பாட்டு, பிரசங்கம், ஸ்தோத்திர காணிக்கை. யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்று சபைப் போதகர், எங்கள் ஐயர், வழக்கம்போல ஒவ்வொன்றாக வாசித்தார். யாருக்கோ பெண்குழந்தை. யாருக்கோ புது வீடு. அப்புறம்: "காரக்கோணம் ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன் முடிந்து சுகத்தோடே வீடு திரும்பிய கிருபைக்காக, சகோதரர் தேவதாஸ் குடும்பத்தார்."

என் அப்பா. என் அப்பாவின் பெயர்.

திரும்ப ஓட்டிக் கேட்டேன். அதே பெயர்.

ஷைனி வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. "நின்றெ அம்மச்சி சத்தியம் செய்யிச்சு" என்றாள். என்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். இவளுக்கும் தெரியும்! சபைக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். பெற்ற மகளுக்குத் தெரியாது.

வெங்காயத்தைக் குப்பையில் போட்டேன். சாப்பிடவில்லை.

டிசம்பர் 26

அம்மாவிடம் சண்டை. இப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"எப்போ ஆபரேஷன்?"

"நவம்பர்ல. ஒனக்கு பரீட்சை கழியட்டும்ணு இருந்தோம்."

"பரீட்சை போன வாரமே முடிஞ்சுதே!"

"பிறகு கிறிஸ்மஸ் கழியட்டும்ணு... சந்தோசமான நாளாக்கும்."

"அப்போ சபையில எதுக்கு வாசிக்கச் சொன்னீங்க?"

"நேர்ந்த காணிக்கையில்லியா, குடுக்காம இருக்கப்பிடாது." பிறகு, "அது வெளிநாட்டிலயும் கேக்குமா மக்களே?"

சிரிப்பதா, தலையை முட்டிக்கொள்வதா? கடவுளுக்குக் கொடுத்த வாக்கு பத்திரம். மகளுக்கு மட்டும் உறக்கம், கேமரா கேடு.

எவனோ ஒரு தாத்தாவின் புண்ணை நான் ஊதி ஊதித் துடைக்கிறேன். என் அப்பாவின் நெஞ்சைப் பிளந்தபோது நான் இங்கே நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டேன். அவள் திரும்ப விளித்தாள். எடுக்கவில்லை.

டிசம்பர் 27

கடும் குளிர். ஜன்னலுக்கு உள்பக்கமும் ஈரம். காலையில் நானே விளித்தேன். வீடியோ. கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை.

அப்பா பாதியாகிவிட்டார். "எதுக்குட்டி முகத்த இப்பிடி வச்சிருக்கா?" என்று சிரித்தார்.

"சட்டையத் தொறங்க."

"வேண்டாம் மக்களே, நீ கண்டா அழுது கரைவா."

"நான் நர்ஸ், அப்பா. தொறங்க."

வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பொத்தானைக் கழற்றினார். நீளத் தழும்பு. மேலே நன்றாகத்தான் ஆறியிருக்கிறது. கீழ்முனை சிவப்பு, வீக்கம், கொஞ்சம் நீர். அதன்மேல் என்ன பளபளப்பு?

"தேங்காயெண்ணதான்," அம்மா பின்னாலிருந்து. "சொறியுதுண்ணு சொன்னாவ. ஒரு துளிதான் போட்டேன்."

திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். சிரிப்பு போய்விட்டது. "எப்பிடி இருக்குட்டி? ரெண்டு நாளா பேடியா, பயமா இருக்கு. ஒன்னிட்ட கேக்கணும்ணுதான் இருந்தேன். உள்ளத சொல்லு. ஒளிக்கப்பிடாது, கேட்டியா?"

ஒளிக்கப்பிடாதாம். என்னிடம். இந்த மனுஷன்.

உள்ளதைச் சொன்னேன். பழுக்கத் தொடங்கியிருக்கிறது, இன்றே டாக்டர் பார்க்க வேண்டும் என்றேன். "ஞாயிறு கழியட்டும்" என்று அம்மா தொடங்கினாள். கத்தினேன். பக்கத்து அறையில் சுவரைத் தட்டினார்கள். தட்டட்டும்.

"அம்மா, ஆட்டோ விளி. இப்பளே."

ஆட்டோ வரும்வரை போனை வைக்கவில்லை. திட்டுவதையும் நிறுத்தவில்லை.