ஆதிலட்சுமியின் பல் செட்

12-5-2025
எழுபத்தொரு வயதில் என் கை எழுதுகிறது! ஐம்பது வருடம் தறியில் நாடா தள்ளிய கை. முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம். இன்று சூர்யகலா டீச்சர், "உங்களுக்கு யார் முக்கியம், எழுதுங்க" என்றாள். ஆதிலட்சுமி என்று எழுதினேன். என் மனைவி பெயர் இவ்வளவு நீளமா!

14-5-2025
வீட்டுப்பாடம், இந்த மாதச் செலவு. நான்கு கல்யாண மொய், ஆறாயிரம். ஆதிலட்சுமிக்குத் தைலம், நாற்பது ரூபாய்.
நோட்டை மூடிவிட்டேன்.

15-5-2025
அவளுக்கு வாயில் பல் இல்லை. சோற்றைக் கரைத்துக் குடிக்கிறாள். பல் செட் ஒன்பதாயிரம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம். இந்த முகூர்த்தம் போகட்டும், போகட்டும் என்றே தள்ளினேன். மண்டபத்து மைக்கில் என் பெயரோடு தொகையை வாசிப்பார்கள். அதைக் கேட்கத்தானே கொடுத்தேன்? பேஜாரா இருக்கு.

20-5-2025
எங்கள் மகள் கல்யாணத்து மொய் நோட்டை முதல் தடவையாக நானே படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. சகலை தணிகாசலம் வைத்தது ஆயிரம். நாளை மறுநாள் அவன் மகளுக்குக் கல்யாணம். வைத்ததற்கு மேல் போட்டுத் திருப்புவதுதான் வழக்கம். மூவாயிரம் எடுத்து வைத்திருக்கிறேன்.

22-5-2025
போளூர் மண்டபம். ஆயிரம்தான் கொடுத்தேன். மைக்கில் வாசித்தபோது காது சுட்டது.
தணிகாசலம் பந்தியிலேயே கேட்டான்: "இன்னா சகல, வச்சத அப்பிடியே எண்ணித் திருப்பிட்ட? நான் இன்னா கடையா நடத்திகினு இருக்கேன்?"
எல்லோரும் சிரித்தார்கள்.
பஸ்ஸில் ஆதிலட்சுமி, "என் தங்கச்சி மூஞ்சில எப்பிடிய்யா முழிப்பேன்?" என்றாள்.
உனக்காகத்தான் என்று சொல்லாமல், பையில் மிச்சமிருந்த இரண்டாயிரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உடம்பெல்லாம் அசதி.

23-5-2025
மிச்சப் பணம் எதற்கு என்று காலையில் சொன்னேன். "பல்லுக்கா?" என்றாள். எழுந்து போய்ச் சோற்றைக் கரைத்தாள்.

6-7-2025
ஆனியில் மூன்று கல்யாணம். மூன்றிலும் வைத்ததைத்தான் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் தலை குனிகிறது. பழகவில்லை.

18-7-2025
பல் செட் வந்தது. கண்ணாடி பார்த்து, "குதிர மாதிரி கீறேன்" என்றாள். கண்ணாடியை மட்டும் கீழே வைக்கவில்லை.

29-8-2025
தணிகாசலம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறானாம். எதிர்வீட்டுக்குப் பத்திரிகை வந்தது. எங்களுக்கு இல்லை.
"போவட்டும்யா, மொய் மிச்சம்" என்றாள்.
மாலையில் முறுக்கு வாங்கி வந்தேன். நறுக்கென்று கடித்தாள். கடித்தபடியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.