வாவித் தண்ணீர் குடித்த லொறி

அண்ணன்,

கடைக்கு வண்ணம் பூச வந்தவர் நேற்றுப் பின்சுவரில் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய கறுத்த தகட்டை மட்டும் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். "அக்கா, இந்தக் குப்பைய எறியட்டா?" என்று கேட்டார். நான் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய் அதை வாங்கினேன்.

நம் பழைய லொறியின் ஹெட் கேஸ்கட். இஞ்சினின் மேல்மூடிக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் இறுகிக் கிடந்து, நெருப்பை அதன் இடத்திலும் தண்ணீரை அதன் இடத்திலும் வைத்திருக்கவேண்டிய தகடு. பெரிய ஓட்டைகள் இரண்டுக்கு நடுவில் எரிந்து அறுந்திருக்கிறது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கருகிய எண்ணெய் லேசாக மணக்கிறது. நீங்கள் இடுப்பில் உடுத்த சாரத்திலும் எந்நேரமும் இந்த மணம்தான் இருக்கும்.

"எறியாதீங்க தம்பி. சுவரப் பூசிப்போட்டு அதே ஆணியில கொழுவி விடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

பஸ் நிலையத்தில் கச்சான் கடலை வறுத்து விற்றுத் தொடங்கியவள் நான். கச்சானிலிருந்து தேங்காய், தேங்காயிலிருந்து நெல் என்று ஏறி, மற்றவர்கள் வாகனத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த சண்டைக் காலத்தில் அந்த லொறியை வாங்கினேன். சொந்தக்காரர் எல்லாம் எனக்குத் தலை பழுதாகிவிட்டது என்றார்கள். அவர்கள் பயந்ததால்தானே எனக்கு மலிவாகக் கிடைத்தது. ஓட்டுவதற்கு ஆள் தேடியபோது தேற்றாத்தீவிலிருந்து நீங்கள் வந்தீர்கள். லொறியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அதன் முகத்தில் தட்டி, "தங்கச்சி, இது லொறி இல்ல, வயசுபோன யானை. நான் சொன்னாத்தான் கேக்கும்" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து பொய் கலக்காத வசனம் வந்து நான் கேட்டது குறைவு. அது மட்டும் உண்மை.

நம் ஓட்டம் பெரும்பாலும் படுவான்கரைக்கு. வாவிக்கு மேற்கே இருக்கிற அந்த வயல்நாட்டுக்குப் போவதென்றால் துறையில் காத்து நின்று, நாங்கள் 'பாதை' என்று சொல்லும் தட்டைப் படகில் லொறியை ஏற்றவேண்டும். அதற்கு முன்னால் ஆமிக்காரரின் சோதனை. மூட்டைகளை எல்லாம் இறக்கி, கம்பியால் குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றச் சொல்வார்கள். நடந்து போகிற சனமும் அதே வெயிலில் அதே வரிசையில் நிற்கும், நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. நம் பட்டரி நோஞ்சான். நிற்பாட்டினால் திரும்ப எழும்பாது என்று நீங்கள் இஞ்சினை ஓடவிட்டே நிற்பீர்கள். நின்ற நிலையில் சூடேறும். ரேடியேற்றரில் சின்ன ஒழுக்கும் இருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

முதல்தரம் கேஸ்கட் எரிந்தது வந்தாறுமூலையிலிருந்து தேங்காய் ஏற்றி வரும்போது. பின்னால் ஒரே வெள்ளைப் புகை. எண்ணெய் பார்க்கிற கம்பியை இழுத்து என்னிடம் நீட்டினீர்கள். தண்ணீர் கலந்து, எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. "சீனி மட்டுந்தான் குறை" என்றீர்கள். புதிது வாங்கிப் போட்டோம். அது ஒரு போகம்கூடத் தாங்கவில்லை. இரண்டாம்தரம் எரிந்தபோது, கள்ளச் சாமான் தந்துவிட்டான் என்று பாகங்கள் விற்கிற கடைக்காரனோடு நான் சண்டைக்குப் போனேன். நீங்கள் என் பின்னால் நின்று, நியாயம் என்பதுபோலத் தலையாட்டினீர்கள். அது போதாதென்று, கழுத்தில் சிலுவை போட்ட மனிதர், கண்ணூறு கழிய வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தீர்கள்.

"உங்கட கோயில்ல கேள்விப்பட்டா என்ன சொல்லுவாங்க அண்ணன்?"

"இஞ்சின் எந்தச் சமயம் எண்டு ஆருக்குகா தெரியும்? ரெண்டு பக்கமும் சொல்லி வைக்கிறது நல்லந்தானே."

கராஜில் லொறி திருத்துகிற பாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "கிணத்துத் தண்ணிதான் ஊத்த வேணும். வேற எதையும் ஊத்திப்போட்டு என்னட்ட வராதீங்க" என்று விரலை நீட்டிச் சொன்னார். "ஓம், ஓம்" என்றீர்கள். நான் அன்றைக்கே ஒரு பெரிய நீலக் கலன் வாங்கினேன். ஒவ்வொரு காலையும் நாவற்குடாவில் என் வீட்டுக் கிணற்றில் அள்ளி நிரப்பி, என் கையாலேயே லொறியில் ஏற்றிவிட்டேன். பின்னேரம் அது வெறுமையாகத் திரும்பி வரும். பாவம், யானைக்கு நல்ல தாகம் என்று நினைத்தேன்.

மூன்றாம்தரத்தை நான் மறக்கமாட்டேன். படுவான்கரையில் ஒரு வயல்வட்டை முழுக்க விதைநெல்லுக்காகக் காத்துக் கிடந்தது. முந்தின வருடம் சண்டையால் வயலுக்குள் இறங்க முடியாமல், விதைக்கு வைத்திருந்த நெல்லையும் குற்றித் தின்றுவிட்டார்கள். விதை கொண்டுவருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மாரி மழை இறங்கும் முன் போய்ச் சேரவேண்டும். வழியில் நனைந்தால் விதை மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும்; அந்தச் சனத்துக்கு இன்னொரு வருடப் பட்டினி. அதனால்தான் அன்று நானும் முன்சீற்றில் ஏறினேன்.

துறையில் சோதனை முடிந்து, மூட்டைகளைத் திரும்ப ஏற்றி, வரிசையில் நாலு முழம் நகர்ந்திருப்போம். உள்ளே ஏதோ வெடித்ததுபோல ஒரு சத்தம். வெள்ளைப் புகை நம்மை மூடியது. நீங்கள் இறங்கிப் பார்த்தீர்கள். பகிடி ஒன்றும் விடவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லொறியை வரிசையிலிருந்து விலக்கச் சொல்லி ஆமிக்காரன் கத்தினான்.

அந்த நேரம் பார்த்து, கூடையில் கோழியோடு நின்ற ஒரு பெண் தகரக் குவளையை நீட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள்.

"தம்பி, இண்டைக்குத் தண்ணி தரல்லயே?"

"எந்தத் தண்ணி?" என்று நான் கேட்டேன்.

"இவர்ர லொறித் தண்ணிதான் புள்ள. இந்த வெயிலுக்க எங்களுக்கு வேற ஆர் தாற? கிணத்துத் தண்ணி. கற்கண்டு மாதிரி."

நான் திரும்பிக் கலனைப் பார்த்தேன். நான் கூட வந்ததால் அன்று நீங்கள் அதைச் சனத்துக்குக் கொடுக்கவில்லை, லொறிக்குக் கொஞ்சம் ஊற்றியதுபோக நிறையவே இருந்தது. பிறகு உங்களைப் பார்த்தேன். நீங்கள் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"அப்ப இவ்வளவு நாளும் லொறிக்கு?"

"வாவி கிட்டத்தானே கிடக்கு" என்று முணுமுணுத்தீர்கள்.

"கடல் கலக்கிற தண்ணி, அது உப்பெல்லா அண்ணன்!"

"லொறி வாய் திறந்து கேக்கல்ல தங்கச்சி. சனம் கேட்டுது. கைப்பிள்ளையோட வந்து கேக்கக்குள்ள இல்ல எண்டு எப்பிடிச் சொல்ற?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே உங்களை வாவிக்குள் தள்ளியிருப்பேன். ஆனால் மேகம் வந்துகொண்டிருந்தது. செத்த இஞ்சினுக்கு இனித் தண்ணீர் எதற்கு? வரிசையைப் பார்த்தேன். எல்லாரும் அக்கரைக்குப் போகிறவர்கள். கலனின் மூடியைத் திறந்து, "எல்லாருக்கும் தண்ணி தாறன். ஆனா மூட்டைக்கு ஒரு கை தர வேணும்" என்று உரக்கச் சொன்னேன்.

கோழிக்காரி இடுப்பில் கையை வைத்தாள். "என்ன புள்ள, தண்ணிய விலைக்கா தாறாய்? இந்தத் தம்பி ஒருநாளும் கேக்கல்லயே. நீ பேசாம நில்லு. இவருக்காகத் தூக்குவம்."

அண்ணன், வியாபாரத்தில் என்னை வாயடைக்க வைத்தவள் அவள் ஒருத்திதான்.

சோதித்த மூட்டைகள்தானே என்று ஆமிக்காரனும் கையைக் காட்டினான். ஒரு மூட்டைக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று தூக்கிக்கொண்டுபோய்ப் பாதையில் அடுக்கினார்கள். அக்கரையில் விதைக்காக வண்டில்களோடு காத்திருந்தவர்கள் ஓடிவந்து இறக்கினார்கள். கடைசி வண்டிலை மழைக்குப் படங்கால் மூடி இழுத்துக் கட்டும்போது முதல் துளி என் நெற்றியில் விழுந்தது. நீங்கள் கோழிக்கூடையை அணைத்துப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று சிரித்தீர்கள். மூட்டை தூக்கப் போனவள் அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

பிறகு லொறியைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோனோம். பாஸ் மேல்மூடியைக் கழற்றி, தண்ணீர் ஓடும் ஓட்டைகளின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு! இஞ்சினுக்குள்ள கருவாடா காயப்போட்ட நீங்க?"

உப்பு இரும்பை அரித்து, ரேடியேற்றரின் நரம்புகளையும் அடைத்திருந்தது. கேஸ்கட் இருக்கிற முகம் குழி விழுந்துபோனால் எந்தக் கேஸ்கட்டும் எரியத்தான் செய்யும். அரித்த முகத்தை லேத்தில் கொடுத்துத் தட்டையாக்கி, ரேடியேற்றரைக் கழுவி, புதுக் கேஸ்கட் போட்டுப் பூட்டினார். எரிந்த கேஸ்கட்டை நீங்கள் கடைக்குக் கொண்டுவந்து, நீங்களே ஆணி அடித்துத் தொங்கவிட்டீர்கள். "கிடக்கட்டும். இனி உங்களிட்டப் பொய் சொல்ல வெளிக்கிட்டா இது என்னப் பாத்துச் சிரிக்கும்" என்றீர்கள். அதற்குப் பிறகும் சொன்னீர்கள். அது வேறு.

மறுநாள் காலை லொறியில் நான் இரண்டு கலன் ஏற்றினேன். "நீலம் லொறிக்கு, வெள்ளை சனத்துக்கு. நீலத்தில கை வச்சா உங்களுக்கு வேலை இல்ல" என்றேன். ஆமிக்காரன் மாதிரி ஒரு சலூட் அடித்து, "ஓம் முதலாளி!" என்றீர்கள். லொறியை விற்கும்வரை அந்தப் புதுக் கேஸ்கட் எரியவே இல்லை.

சண்டை முடிந்து கொஞ்ச நாளில் நெஞ்சுவலி என்று படுத்தீர்கள், எழும்பவில்லை. துறையில் பாலம் வந்ததை நீங்கள் காணவில்லை. இப்போது வரிசையும் இல்லை, சோதனையும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் அக்கரை. என்னிடம் இப்போது இருக்கும் லொறிகளுக்கு வழியில் தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது. ஆனாலும் வெள்ளைக் கலன் ஏறாமல் ஒன்றும் என் முற்றத்தைவிட்டுப் போகாது. "இது ஆருக்கு அக்கா?" என்று ஓட்டுநர்மார் சிரிப்பார்கள். "கேக்கிற ஆளுக்கு" என்பேன்.

நேற்றுப் பின்னேரம் படுவான்கரைக்குப் போன லொறி திரும்பி வந்தது. கலனைத் தூக்கிப் பார்த்தேன். கனமில்லை. யார் குடித்தது என்று நான் கேட்கவில்லை. காலையில் திரும்ப நிரப்பி வைத்தேன்.