வெடித்த ஜெல் குழாய்

அன்புள்ள யொங்ஷெங்குக்கு,

நீங்களும் உங்கள் தங்கை ஷியூலானும் நலம்தானே? நம் பையன் மைமைக்குச் சளி விட்டதா?

எண்ணெய்க் கிணற்றில் புகும் தண்ணீரை அடைக்கும் ஜெல்லைக் கண்ணாடிக் குழாயில் மூடி, இங்கே ஆய்வகத்தில் நூற்றுமுப்பது டிகிரி அடுப்பில் வைத்திருந்தேன். முப்பது நாள் இளகாமல் நின்றால் எனக்கு விடுமுறை. இருபத்தாறாம் நாள் போனில் ஷியூலான், "பாருங்க அண்ணி, மைமை என்னையே அம்மாங்கிறான், உங்கள மறந்துட்டான் போல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. அந்த எரிச்சலோடு போய், ஜெல் இளகியதா என்று பார்க்க, ஆறவிடாமல் குழாயை வெளியே எடுத்தேன், வெடித்துவிட்டது. விரலில் சின்னக் காயம்தான். ஆனால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

மைமையின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்புங்கள். செருப்பு நான்தான் வாங்குவேன். ஷியூலானுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நான் வரும்வரை அவன் உங்கள் பக்கத்திலேயே தூங்கட்டும், அவளிடம் வேண்டாம்.

தபால் வண்டி கிளம்புகிறது.

ருய்ஃபாங்