ஜெயிக்க ஜெயிக்கச் செலவு

16 செப். 1981, புதன். தி.மலை

காலையிலிருந்து தூறல். சேத்துப்பட்டில் பஸ் மாறும்போது செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திச் சமாளிப்பு.

தையல் டீச்சரைப் பிடித்துப் பூப்பந்து டீமோடு அனுப்பினால் இப்படித்தான். பி.டி. டீச்சருக்கு மஞ்சள்காமாலை. நேற்று மதியம் ஹெச்.எம். அம்மா கூப்பிட்டு, “பொம்பளப் பிள்ளைங்களைத் தனியா அனுப்ப முடியாது. நீங்க கூட போங்க டீச்சர். வியாழக்கிழமை ராத்திரி வீட்ல இருப்பீங்க” என்றார்.

“ஜெயிச்சுட்டா?”

சிரித்தார். “வருஷா வருஷம் போறாங்க. முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்துடுவாங்க.”

கொடுத்தது ரூ. 150. ஒன்பது பேருக்குப் போக வர பஸ் 72. அந்தப் பணத்தைக் கைக்குட்டையில் தனியாக முடிந்து வைத்தாயிற்று. மீதி 78-இல் இரண்டு நாள் சாப்பாடு. மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டுமாம்.

கொண்டுவந்தது: புளிசாதம் ஒரு பெரிய தூக்கு. எலுமிச்சங்காய் ஊறுகாய். பருப்புப் பொடி. போர்வை 5. அமிர்தாஞ்சன்.

தங்க இடம், போட்டி நடக்கும் பள்ளியில் ஆறாம் வகுப்பு அறை. கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிக்காமல் கிடக்கிறது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. ஜன்னலைத் திறந்தால் மலை. உச்சி தெரியவில்லை, மேகம்.

எட்டுப் பெண்கள். கேப்டன் மல்லிகா, பத்தாவது. நீளக் கை, பேச்சு குறைவு. என் வகுப்பில் ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம் ஆக்குபவள். மட்டையைக் கையில் எடுத்தால் வேறு ஆள் என்று அவளோடு ஆடும் வசந்தி சொல்கிறாள். பார்ப்போம்.

வீட்டில் என் பிள்ளை குட்டிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மாமியாரிடம் மருந்து எங்கே இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

17, வியாழன். புரட்டாசி 1

வெயில். காலையில் மிச்சப் புளிசாதம், லேசாகப் புளித்த வாடை. தூக்கு காலியாகிவிட்டது.

பத்து மணிக்கு ஆட்டம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வலை, மஞ்சள் கம்பளிப் பந்து, இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். இருபத்தொன்பது எடுத்தால் ஒரு ஆட்டம் முடிந்தது என்கிறாள் வசந்தி. ஏன் முப்பது இல்லை? அவளுக்கும் தெரியவில்லை.

ஜெயித்துவிட்டார்கள்!

எட்டுப் பேரும் ஓடிவந்து என்மேல் விழுந்தார்கள். நானும் குதித்தேன் என்று நினைக்கிறேன், செருப்பு மறுபடி பிய்ந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. நாளையும் ஆட்டம், இன்றைக்கு ஊர் திரும்ப முடியாது. ராத்திரிச் சாப்பாட்டுச் செலவு உண்டு. நாளைக் காலை உண்டு. நாளை மதியமும்.

ஓட்டலில் சாப்பாடு தலைக்கு மூன்று ரூபாய். கட்டுப்படியாகாது. பள்ளிக்கு எதிர்ச் சந்தில் ஒரு தையல்காரர் பாய். அவர் மனைவி ஜைபுன் அக்கா, தனியாகத் தங்கியிருக்கும் ஆபீஸ்காரர்களுக்கு எடுப்புச் சாப்பாடு கொடுக்கிறார். ஒரு எடுப்பு நான்கு ரூபாய். அடுக்கு கேரியரில் ஒரு ஆளுக்கு என்று பேர், சோறு இரண்டு ஆள் தின்னலாம். மதியம் நான்கு எடுப்பு சொன்னேன்.

“ஒம்போது பேருக்கு நாலா? கம்மியா இருக்குமே டீச்சர்.”

“சின்னப் பிள்ளைங்கதானேக்கா.”

கேரியர் வாங்க என்னோடு வந்திருந்த மல்லிகாவை மேலும் கீழும் பார்த்தார். “இதுவா சின்னப் பிள்ளை?”

வசந்திக்கு மட்டும் பாய் வீட்டுச் சாப்பாடு என்று கொஞ்சம் தயக்கம். மூடியைத் திறந்து சாம்பார் வாசனை வந்ததும் தயக்கம் போச்சு. நான் கடைசியில் சாப்பிட்டேன். கேரியர் ஓரத்தில் ஒட்டியிருந்ததும் ரசமும்.

ராத்திரிக்கும் நான்கு. சோறு மதியத்தைவிட அழுத்தி வைத்திருந்த மாதிரி தெரிந்தது. என் பிரமையோ?

18, வெள்ளி

மூட்டம். காலையில் பன், டீ. தலைக்கு ஒரு ரூபாய். ஒன்பது போச்சு.

இன்று கால் இறுதி. எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும். எதிர் டீம் ஒவ்வொரு பாயிண்ட் எடுக்கும்போதும் எனக்கு நெஞ்சு லேசாயிற்று. நம் பிள்ளைகள் அடித்தால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக் கணக்கு ஓடியது. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற வேறு பள்ளி வாத்தியார், “உங்க டீம் பிரமாதங்க” என்றார். “ஆமாங்க” என்றேன். அழுகை வரும் போலிருந்தது. எதற்கு?

ஜெயித்துவிட்டார்கள். நாளை அரை இறுதி.

போஸ்டாபீஸில் ட்ரங்க் கால். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆறு ரூபாய் அழுது, ஹெச்.எம். கிடைத்தார்.

“அம்மா, ஜெயிச்சுட்டாங்க.”

“யாரு?”

“நம்ம பிள்ளைங்கம்மா. ரெண்டு ஆட்டம்.”

லைன் போய்விட்டதோ என்று “ஹலோ ஹலோ” என்றேன்.

“கேக்குது. சந்தோஷம். எப்படியாவது பாத்துக்கங்க டீச்சர். வந்தப்புறம் பேசிக்கலாம்.”

பணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? ஆறு ரூபாய் கொடுத்ததே அதைக் கேட்கத்தானே?

கையில் 31.

மதியம் மூன்று எடுப்பு. கூட ஒரு ரூபாய்க்கு அவித்த மல்லாட்டை. கடலையை உரித்துத் தின்ன நேரமாகும், வயிறும் நிரம்பின மாதிரி இருக்கும். ராத்திரி பன் மட்டும் என்று முடிவு.

சாயங்காலம் காலிக் கேரியரைக் கொடுக்கப் போனேன். ஜைபுன் அக்கா, “ராத்திரிக்கு எத்தினி எடுப்பு?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

“நாளைக்குத் தோத்துட்டா தேவலக்கா. ஜெயிச்சா அடுத்த வேளை சோத்துக்கு எங்க போறதுன்னு தெரியல.”

அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். திரும்பினால் மல்லிகா. கையில் இன்னொரு கேரியர். எப்போது வந்தாளோ. “இதையும் குடுக்கணும் டீச்சர், விட்டுட்டு வந்துட்டீங்க” என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கேட்டிருப்பாளா? தெருவில் லாரி வேறு போயிற்று. கேட்டிருக்காது.

19, சனி

நல்ல வெயில். காலை பன், டீ பாதி பாதி. ஆறு ரூபாய். கையில் மிச்சமும் ஆறு.

அரை இறுதி. முதல் ஆட்டம் நமக்கு. இரண்டாவதில் 27-க்கு 24, நாம் முன்னால். இன்னும் இரண்டே பாயிண்ட். கூட்டம் முழுக்க நம் பக்கம். மல்லிகாவுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்த மாதிரி ஒரு பந்து. வலையில் அடித்தாள். அடுத்ததும் வலை. அதற்கடுத்தது கோட்டுக்கு வெளியே. நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கே தெரிந்தது, அது அவள் அடிக்கிற அடி இல்லை. அந்த ஆட்டம் போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

ஏழு பேர் அழுதார்கள். மல்லிகா அழவில்லை. நேரே அறைக்குப் போய்ப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சிடலாம் டீச்சர்.”

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்ட இடம் மாதிரி உணர்ச்சியே இல்லை.

அப்போதுதான் மைக்கில் சொன்னார்கள். அரை இறுதியில் தோற்ற இரண்டு டீமும் மூன்றாம் இடத்துக்கு நாளைக் காலை எட்டு மணிக்கு ஆடவேண்டும். வராவிட்டால் அடுத்த வருஷம் சேர்க்கமாட்டார்கள்.

மல்லிகா மடித்த போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்கும் இது தெரியாது போலிருக்கிறது. யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. தோற்றும் போக முடியாது!

ஆறு ரூபாய். ஒன்பது பேர். இன்று மதியம், ராத்திரி, நாளைக் காலை.

பாய் கடைக்குப் போனேன். வெட்கப்பட நேரமில்லை. யூனிஃபாரம் சட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. “பாய், பட்டன் காஜா எடுக்க, கொக்கி வைக்க, ஹெம்மிங் பண்ண ஆள் வேணுமா? நான் தையல் டீச்சர்.”

பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “கூலி என்ன கேக்கறீங்க?”

“நாளைக் காலை வரைக்கும் ஒம்போது பேருக்குச் சாப்பாடு.”

உள்ளேயிருந்து ஜைபுன் அக்கா குரல். “துணியை எடுத்துக் குடுங்க. பேரம் பேசாதீங்க.”

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். ஆறு எடுப்பு வந்திருந்தது. பிள்ளைகள் பேசாமல் சாப்பிட்டதை இப்போதுதான் கவனித்தேன். முந்தாநாளும் நேற்றும் நிறையப் பேசினார்கள், பேச்சில் பசி தெரியாமல் போயிருக்கிறது.

எட்டு ஊசி, எட்டுப் பெண்கள். ஹெம்மிங் பாதிப் பேருக்குத்தான் சுமாராக வருகிறது. மல்லிகா என் பக்கத்தில். நூல் கோத்துக் கொடுத்தேன். மெதுவாகக் கேட்டேன்.

“காலையில வேணும்னுதான் அடிச்சியா?”

துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியல டீச்சர்.”

“அப்படின்னா?”

“அடிக்கணும்னுதான் கை தூக்கினேன். தூக்கும்போது நீங்க அக்காகிட்ட சொன்னது ஞாபகம் வந்துட்ச்சி. பந்து போயிட்ச்சி. அப்புறம் அடுத்த பந்து வந்தா, மொதல்ல விட்டதே ஞாபகம்.” கொஞ்சம் கழித்து, “வேணும்னு இல்ல டீச்சர். வேணாம்னும் இல்ல.”

“நான் சொன்னது தப்பு.”

“நெசம்தானே டீச்சர் சொன்னீங்க. பணம் இல்லதானே?”

அவள் தைத்த ஹெம்மிங் கோணலாக இருந்தது. பிரித்து நானே தைத்தேன்.

20, ஞாயிறு

மலை உச்சி வரை தெளிவு. ஜைபுன் அக்கா ஆறு மணிக்கே உப்புமாவும் ஒன்பது அவித்த முட்டையும் கொண்டுவந்தார். முட்டை பேச்சில் இல்லை. “தச்சது ஜாஸ்தி, அதுக்குத்தான்” என்றார். பொய். பாதிக் காஜாவை அவரே திரும்ப எடுத்திருப்பார். புரட்டாசி என்று ஆறு பேர் முட்டையைத் தொடவில்லை. மல்லிகா நான்கு சாப்பிட்டாள்.

மூன்றாம் இடத்து ஆட்டத்தைப் பார்க்க ஆளே இல்லை. எல்லாரும் இறுதி ஆட்டத்துக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். நான் கத்தினேன். எதற்குக் கத்த வேண்டும், எப்போது கத்த வேண்டும் என்று தெரியாமல் பந்து மேலே போனாலெல்லாம் கத்தினேன். நடுவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முதல் இரண்டு ஆட்டத்திலேயே ஜெயித்தார்கள். பரிசு கிடையாது, ஆளுக்கொரு சான்றிதழ்.

கிளம்பும் நேரத்தில் ஒருவர் காகிதத்தோடு வந்தார். மாவட்ட டீமுக்கு மல்லிகா. வேலூரில் எட்டு நாள் பயிற்சி, 28-ஆம் தேதி திங்கள் முதல். கூட ஒரு டீச்சர் வரவேண்டும். மல்லிகா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். முதல் தடவை.

குட்டிக்கு மூக்கு சரியாகிவிட்டது. மாமியார் கஷாயம்.

21, திங்கள்

காலைப் பிரார்த்தனையில் டீமை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கைதட்டல். பிறகு ஹெச்.எம். என்னையும் கூப்பிட்டார்.

“ரெண்டு நாளைக்குக் குடுத்த பணத்துல அஞ்சு நாள் சமாளிச்சுட்டு வந்திருக்காங்க நம்ம தையல் டீச்சர். ஒரு பைசா கூடக் கேக்கல. இனிமே எந்த டீம் வெளியூர் போனாலும் இதையே கணக்கா வெச்சுக்கலாம்.”

பெரிய கைதட்டல். நான் கும்பிட்டேன். சிரித்தேன் வேறு. ஏன் சிரித்தேன் என்று இப்போது, இரவுச் சமையல் முடிந்து, யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எட்டுப் பெண்களும் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்கள். அவர்கள் தட்டினார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

22, செவ்வாய்

மழை. முதல் பீரியட் இல்லாததால் ஹெச்.எம். அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

“அந்தப் பணம் போதலம்மா. பிள்ளைங்க பசியோட ஆடினாங்க.”

பேனாவை மூடினார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாத முகம். “நீங்கதானே டீச்சர் கூட இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“போன்ல சொல்லலியே.”

“சொல்லல.”

பிறகு அவர், “வேலூருக்கு அந்தப் பொண்ணு போகணுமே. யார் போறது? எவ்வளவு ஆகும்? ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க, கமிட்டில கேட்டுப் பாக்கறேன். தருவாங்களான்னு சொல்ல முடியாது” என்றார். நான் போகிறேன் என்றேன்.

தையல் அறையில் உட்கார்ந்து காகிதம் எடுத்தேன். எட்டு நாள் என்று எழுதி, கோடு போட்டு, காலை என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. ஆடுகிற பெண் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவாள்? ஐந்து நாள் கூடவே இருந்து எனக்குத் தெரியவில்லை.

மல்லிகாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினேன். ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி வந்து நின்றாள்.

“காலையில எத்தனை இட்லி சாப்பிடுவே?”

“மூணு டீச்சர்.”

“கணக்குக்குக் கேக்கல. வயிறு ரொம்பற அளவுக்கு.”

ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்.

“எட்டு.”

எட்டு என்று எழுதினேன்.