அக்கா கேட்ட நான்கு நிறங்கள்

மார்ச் 4
அலுவலகத்தில் ஏச்சு. வீட்டுக்கு வந்தால் அக்கா. "எல்லாம் ஒரே கறுப்பாத் தெரியுதுடா. கட்டளைக்கு ஒரு நிறம், எண்ணுக்கு ஒண்ணு, நிரல் தாவிப் போற இடத்துக்கு ஒண்ணு, குறிப்புக்கு ஒண்ணு. நாலே நாலு. நான் நிரல் எழுதுற எடிட்டர்ல போட்டுக் குடேன்." வரிக்கு ஒரு கட்டளையாகக் கணினிக்குச் சொல்ல அவளே உருவாக்கிய பைட்கோட் மொழி அது; உலகத்தில் அதை எழுதுபவள் அவள் ஒருத்திதான். எந்த எடிட்டருக்கு அதைத் தெரியும்? மங்கிக்கொண்டே வரும் பார்வை முழுக்கப் போவதற்குள் தன் நிரலில் இருக்கும் பிழையைத் தானே பார்த்துப் பிடிக்க வேண்டுமாம். "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்க்கா" என்றேன்.

மார்ச் 16
இரண்டு ஞாயிறு போயிற்று. நான் தொடவில்லை.

மார்ச் 19
கண் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனி எத்தனை நாள்னு சொல்ல முடியாது." திரும்பும் வழியில் அக்கா கேட்டது ஒன்றுதான்: "அந்த நிறம் என்னடா ஆச்சு?" நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 22
லீவு போட்டு உட்கார்ந்தேன். நாற்பத்தொரு கட்டளைகள். கட்டளைக்கு நீலம், எண்ணுக்குச் சிவப்பு, தாவும் இடத்துக்குப் பச்சை. தாவும் இடத்தின் பெயரில் எண் வந்தால் பாதிப் பெயர் பச்சை, மீதி சிவப்பு! மண்டை காய்ந்தது. சரிசெய்துவிட்டேன்.

மார்ச் 24
அவள் கணினியில் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, உட்கார வைத்தேன். "அழகா இருக்குடா! சிவப்பு தனியா நிக்குது பாரு." தலைகால் புரியாமல் டீ போடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் — திரையில் எழுத்தெல்லாம் பழையபடி கறுப்பு. எந்தக் கோப்புக்கு இந்த நிறங்கள் என்று எடிட்டரிடம் சொல்லவே மறந்திருக்கிறேன். என் கணினியில் கையால் தேர்ந்தெடுத்தே பழகிவிட்டது. ஒரு எழுத்துக்கும் நிறம் ஏறவில்லை.

விரலை வரிமேல் வைத்து, "இது நீலம்தானே?" என்றாள்.

"ஆமாக்கா."

வேற என்னத்தச் சொல்ல? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 27
எந்தக் கோப்புக்கு நிறம் என்று எடிட்டரிடம் சொல்லும் அந்த ஒரு வரியை இன்னும் சேர்க்கவில்லை. இனி யார் பார்க்க?

ஏப்ரல் 9
சாப்பிட்டதும், "என் நிரலை முதல்லேருந்து படி" என்றாள். படித்தேன்.

"இப்படி ஒப்பிச்சா எப்படி? எண் வந்தா குரலை ஏத்து. தாவுற இடத்துல நிறுத்து. குறிப்பை மெதுவாச் சொல்லு."

அப்படியே படித்தேன்.

"அன்னிக்கு ஒரு நிறமும் வரலதானே?"

"...வரலக்கா."

"நல்லாத்தான் பொய் சொல்ற."

"நீ மட்டும்?"

சிரித்தாள்.

"சரி, சரி, படி. சிவப்பு பத்தல, இன்னும் சத்தமா."

மொத்தம் அறுநூறு வரி. இன்று அறுபது முடிந்தது.