ராயர் ஓட்டல் கண்ணாடி

அம்பத்தூர்,
ஈஸ்வர வருஷம், ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி ஜானகிராமனுக்குத் தகப்பன் பரந்தாமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. முல்லைவாயில் ஈசுவரன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சுகம். ரங்கூனில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று கப்பல் தபால் வந்து சொன்னால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இங்கே ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிகிறது, நடவும் முடிந்தது.

மாமன் மகள் வடிவைத் தவிர வேறு பெண்ணைக் கட்டமாட்டேன் என்று நீ எழுதியதிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது. உனக்குத் தெரியாததா, உன் அம்மாவைப் பெற்றவள் இறந்தபோது, மழை வருகிறதென்று பயந்து, இவள் பருத்திப்பட்டு போய்ச் சேருவதற்குள் தம்பி கோதண்ட மாமன் சவத்தை எடுத்துவிட்டான். கடைசியாய் அம்மா முகத்தைக் கூடக் காட்டாதவன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவள்தான். கை நனைக்காத வீட்டில் பெண் எடுப்பது எப்படி? நானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வெள்ளிக்கிழமை முல்லைவாயில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது ஸ்டேஷன் பக்கத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. அங்கே உடுப்பி ராயர் ஒருவர் புதிதாகக் காபி ஓட்டல் திறந்திருக்கிறார். பொம்பளை ஓட்டலில் உட்காருவதா என்று உன் அம்மா முரண்டு பிடித்தாள், அப்புறம் குளிர் தாங்காமல் உள்ளே வந்தாள். உள்ளே கனவு மாதிரி இருந்ததப்பா. பகலிலேயே விளக்கு ஏற்றி வைத்து, சாம்பார் ஆவியும் ஊதுவத்திப் புகையும் ஒன்றாய் மிதக்க, மழைச் சத்தம் வேறு ஊரில் பெய்வது போலக் கேட்டது. சலவைக்கல் மேஜையில் கை வைத்தால் குளுகுளுவென்று இருந்தது. நெய் தோசை வாசனையில் கண் தானாக மூடிக்கொண்டது, வீட்டுக்குப் போகவேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

எதிரே இன்னொரு கூடம் தெரிந்தது. அங்கேயும் விளக்கு, அங்கேயும் மேஜை. அதில் உன் மாமன் தனியாக உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். இவள் எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். இவளோ, "அவன் அந்தக் கூடத்துல குந்திகினு கீறான், நமக்கின்னா" என்றாள். ஆனால் தோசையைத் தொடவில்லை, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா மூஞ்சி அப்பிடியே வந்துடுச்சி பாருங்க அவனுக்கு" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மாமனுக்குப் புரை ஏறிவிட்டது. கண் பிதுங்க இருமுகிறான். உன் அம்மா எழுந்து அந்தக் கூடத்துக்கு ஓடினாள். எதிரே ஈரப் புடவையோடு ஒருத்தி வர, "கொஞ்சம் ஒத்திக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே போய் நெற்றியில் மோதிக்கொண்டாள். அது கூடமே இல்லையப்பா, சுவர் நெடுகச் சாய்த்து மாட்டிய கண்ணாடி! உள்ளங்கை அகலக் கண்ணாடியைத் தவிர நாம் எதைக் கண்டோம்? மாமன் எங்களுக்குப் பின்னால்தான், தூண் மறைவில் உட்கார்ந்திருக்கிறான். இவள் திரும்பி வந்து அவன் உச்சந்தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "யாரு நெனச்சாங்களோ தெரியலக்கா" என்றான். "நாந்தாண்டா நெனச்சேன்" என்று சொல்லி இவள் அழுதாள். அவனும் அழுதான். பிறகு அவன் இலையிலிருந்தே ஒரு விள்ளல் இட்லி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஊட்டுக்கு வாக்கா என்று அவன் கூப்பிட்டதற்கு, "வெறுங்கையோட வருவனா? தட்டோட வரேன்" என்றாள். எனக்கு எல்லாம் இன்னும் கனவு போலத்தான் இருக்கிறது.

ஆகையால் தை மாதத்துக்கு லீவு கேட்டுவிடு. ரங்கூன் வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே, எண்ணெய் வைத்துக்கொள். நீயும் வடிவும் நீண்ட ஆயுசோடு நன்றாயிருக்க வேண்டும். உன் அம்மா நெற்றி வீக்கம் இன்னும் வடியவில்லை. வரும்போது ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி மறக்காமல் கொண்டுவரச் சொல்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "எனக்கும் எங்கம்மா மூஞ்சி கீதான்னு பாக்கணும்" என்கிறாள்.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்க்கும்
நைனா பரந்தாமன்