வளவுக்குள் வீடு உண்டு

கார்த்திகை 10, திங்கள்

விடிய முதல் தூறல். வவுணதீவுப் பக்கம் கள ஆய்வு, அரச வீட்டுத்திட்டம். ரெயின்கோட் தோளில் கிழிசல். எரிச்சல்.

கடைசி வளவு மகேஸ்வரி அக்காவுடையது. கணவர் இல்லை. இளைய மகளோடு தகரக் கொட்டிலில் இருப்பு. அதே வளவில் முன்னால் கல்வீடு. நல்ல ஓட்டுக்கூரை, விரிசல் இல்லை.

"அது மூத்தவள்ட வீடு தம்பி. கலியாணத்தோட காணி உறுதி எழுதிக் குடுத்தாச்சு. இது இளையவள்ட காணித்துண்டு, இதுக்கு உறுதி வேற. இவளுக்குக் கலியாணம் பேசிக்கிட்டு இருக்கம். வீடெண்டாத்தான் மாப்பிள்ளை வீட்டாக்கள் வருவாங்க."

"கல்வீடு கண்ணுக்கு முன்னால நிக்குது அக்கா. வீடில்லாத ஆக்களுக்குத்தான் திட்டம்."

இளையவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எழுதினேன்: வளவுக்குள் நிரந்தர வீடு உண்டு. சிபாரிசு இல்லை. உறுதியைக் கேட்டுப் பார்க்கவில்லை. மழை.

புதன்

வெயில். பட்டியல் மாவட்டத்துக்குப் போயிற்று. மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் வாங்க வேண்டும். கந்தோரில் கூட வேலை செய்யும் சிவா, அபிவிருத்தி உத்தியோகத்தரான (டிஓ) எனக்கு வரும் சீதன வீட்டைப் பற்றி, எல்லோருக்கும் கேட்க:

"டிஓ மாப்பிள்ளைக்கு ஹோல், ரெண்டு அறை, மாபிள். டிஓ போய்ப் பாக்கிற ஆக்களுக்கு சிபாரிசு இல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சனி

கொக்கட்டிச்சோலை, அம்மாவோடு. எனக்குப் பேசிய ரேணுவின் வீட்டார் சீதனமாகத் தரும் வீட்டுக்கு மாபிள் நிறம் பார்க்க. கதவுக்கு மேல் லிண்டல் மட்டம் சரி. பூச்சு ஒரு மூலையில் சரியில்லை, சொன்னேன். குறிப்பெடுத்தார்கள், பாவம்.

பின்னால் புதுத் தகரத்தில் ஒரு கொட்டில்.

"சாமான் போடவா மாமி?"

ரேணுவின் அம்மா சிரித்தார். "நாங்க இரிக்கத்தான் மகன். ரெண்டு பேருக்கு இது காணும்."

வரும் வழியில் அம்மா: "உனக்கு என்னடா விசர்? அதையெல்லாம் கேக்கிறதா? உன்ட அக்காவுக்கு வீட்டைக் குடுத்திட்டு நாங்களும் குசினிக்குள்ளதானே கிடக்கிறம்."

ஓம். பத்து அடி அகலக் குசினி. நானும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் படுக்கிறேன். அக்காவின் சுவருக்கு இந்தப் பக்கம். எங்கள் ஊரில் வீடில்லாதவர்கள் யார் என்று எனக்கா தெரியாது?

ஞாயிறு

வீட்டுத்திட்டச் சுற்றறிக்கையை எடுத்து வாசித்தேன். வளவில் வேறு வீடு இருந்தாலும், தனி உறுதி உள்ள துண்டுக்குத் தனி விண்ணப்பம். பயிற்சியில் நானே மற்றவர்களுக்கு விளங்கப்படுத்திய பந்தி.

சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் காய்ச்சல் என்றேன்.

திங்கள்

திருத்தம் அனுப்பலாமா என்று மாவட்டத்துக்குப் போன். "இடமெல்லாம் நிரம்பிட்டு. அடுத்த கட்டம் வந்தா பாப்பம்." எப்போது? தெரியாதாம்.

பின்னேரம் வவுணதீவு போனேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். மகேஸ்வரி அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நல்லது. பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

இளையவள்தான் பேசினாள். "பொண்ணு பாக்க வரவேணாமெண்டு அவங்களுக்கு நேத்தே சொல்லியாச்சு. நீங்க இப்ப வந்து என்னத்துக்கு?"

"சும்மா இரி புள்ள." என்றார் தாய். பிறகு என்னிடம், பேச்சை மாற்றுவதற்காக: "உங்களுக்கும் கலியாணமாம். வீடு முடிஞ்சிதா தம்பி?"

"ஓம்."

"நல்லம். பொம்பிளைட தாய் தகப்பன் எங்க இரிக்கப்போறாங்க?"

"பின்னுக்கு" என்றேன்.